நாலு தந்தி மரபும் ஐந்தாம் தந்தியும்

அயர்லாந்தின் ஊர் மதுக்கடைகளில் மாலை நேரத்து 'செஷன்' கூடினால், வட்டமாக உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் மடியிலாவது பாஞ்சோ இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நாலு தந்தி, குட்டைக் கழுத்து, வாசிப்பவர் கையில் தந்தியை மீட்ட ஒரு பிக். பிடிலும் குழலும் கான்செர்ட்டினாவும் எந்த மெட்டை வாசிக்கின்றனவோ, அதே மெட்டைச் சுரத்துக்குச் சுரம் அதுவும் வாசிக்கும். ஐரிஷ் பாஞ்சோ என்றால் அங்கே இதுதான். அந்த வட்டத்தில் ஒருவர் ஐந்து தந்தி பாஞ்சோவை எடுத்து வைத்து, மூன்று விரல்களில் உலோக நகங்களை மாட்டிக்கொண்டால் யாரும் எழுந்து போகச் சொல்லமாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். அமெரிக்கப் புளூகிராஸ் சமாசாரத்துக்கு இங்கே என்ன வேலை என்ற பார்வை அது.

வேடிக்கை என்னவென்றால், அயர்லாந்துக்கு முதலில் கப்பலேறி வந்தது ஐந்து தந்திதான். நாலு தந்தி பிறந்ததே அதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து. அதிலும் இன்று 'மரபான' சுருதி என்று எல்லோரும் வைத்துக்கொள்வது ஊரெங்கும் நிலைபெற்று அறுபது சொச்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. ஆகவே ஐந்து தந்தியில் ஐரிஷ் மெட்டு வாசிப்பவரை மரபை மீறியவர் என்று சொல்வதற்கு முன்னால் எந்த மரபு என்று கேட்கவேண்டியிருக்கிறது.

இடையில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். நம்மூர் மெல்லிசைக் குழுக்களில் பாஞ்சோ என்று சொல்லப்பட்டது பெரும்பாலும் தட்டச்சுப் பொத்தான்கள் வைத்த புல்புல்தாரா. இங்கே பேசுவது அதையல்ல. வட்டச் சட்டத்தின் மேல் மேளம்போல் தோலை இழுத்துக் கட்டி, அதன்மேல் குதிரையை நிறுத்தி, கழுத்தில் தந்திகளைப் பூட்டிய வாத்தியம் இது. தோலின் மேல் தந்தி நிற்பதால் ஒலி சுரீரென்று கிளம்பும்; கிளம்பிய வேகத்திலேயே செத்தும் போகும். பாஞ்சோ வாசிப்பின் எல்லா உத்திகளுக்கும் இந்தச் சாவுதான் காரணம். சுரம் நிற்காத வாத்தியத்தில் மெட்டை எப்படித் தொடர்ந்து ஓடவைப்பது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒரு விடை சொல்லியிருக்கிறது.

வாத்தியத்தின் வேர் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. சுரைக்குடுக்கையில் ஆட்டுத்தோல் போர்த்தி, பெருவிரலால் மீட்ட ஒரு குட்டைத் தந்தியும் வைத்த 'அகோன்டிங்' போன்ற வாத்தியங்களை செனகல், காம்பியா பகுதிகளில் இன்றும் காணலாம். அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்ட மக்கள் அந்த நினைவை வைத்துக் கரீபியத் தீவுகளிலும் வட அமெரிக்காவிலும் செய்துகொண்டதே பாஞ்சோ. வர்ஜீனியாவில் அதைக் கறுப்பின மக்களிடம் கற்றுக்கொண்ட ஜோயல் வாக்கர் ஸ்வீனி என்ற வெள்ளைக்காரர் மேடைக்குக் கொண்டுபோனார். ஐந்தாவது குட்டைத் தந்தியைச் சேர்த்தவர் அவர்தான் என்று நெடுநாள் ஒரு கதை உலவியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென் கரோலினாவில் வரையப்பட்ட ஓவியம் ஒன்றிலேயே அந்தக் குட்டைத் தந்தி தெளிவாகத் தெரிவதால் கதை நிற்கவில்லை.

1843இல் நியூயார்க்கில் நால்வர் சேர்ந்து 'வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். முகத்தில் எரித்த தக்கையின் கரியைப் பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்யும் கூத்து அது. இசை யாருடையதோ அவர்களையே இழிவுபடுத்திக் காசு பார்த்த அந்தக் கூத்தோடுதான் பாஞ்சோ அட்லாண்டிக்கைக் கடந்தது. குழுவும் ஸ்வீனியும் 1840களின் நடுவில் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் சுற்றி வாசித்தார்கள். அன்றைய வாத்தியத்தில் குடல் தந்தி. கழுத்தில் ஃப்ரெட் எனும் குறுக்குக் கட்டைகள் கிடையாது. ஆட்காட்டி விரலின் நகத்தால் தந்தியைக் கீழ்நோக்கி அடிப்பது, பெருவிரலைக் குட்டைத் தந்தியில் விழவைப்பது, இதுதான் வாசிப்பு முறை. மெட்டுகளோ கலவை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் அச்சான பாஞ்சோப் பாடநூல்களில் மின்ஸ்ட்ரல் பாட்டுகளுக்கு நடுவே ஜிக், ரீல், ஹார்ன்பைப் என்ற நடன மெட்டுகளும் கலந்து கிடக்கின்றன. ஐந்து தந்தியில் ஐரிஷ் நடன மெட்டு என்பது நேற்று முளைத்த யோசனை இல்லை என்பதற்கு அந்தப் பழுப்பேறிய பக்கங்களே போதும்.

பிறகு ஏன் ஐந்து தந்தி ஓரமாய் ஒதுங்கியது? சத்தம்தான் காரணம். 1910களில் அமெரிக்க நடனக் கூடங்கள் பெருத்தன. ஒலிபெருக்கி இன்னும் வரவில்லை. எஃகுத் தந்தி பூட்டி, பிக்கால் ஓங்கி மீட்டக்கூடிய நாலு தந்தி டெனர் பாஞ்சோ அந்தத் தேவைக்காகவே உருவானது. பிடிலைப்போலப் பஞ்சம இடைவெளியில் தந்திகளைக் கூட்டியதால் மாண்டலின், பிடில் வாசித்தவர்கள் சுலபமாக இதற்கு மாறிக்கொண்டார்கள். நியூயார்க்கின் ஐரிஷ் நடனக் கூடங்களிலும் இது புகுந்தது. அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டிலிருந்து குடிபெயர்ந்த ஃப்ளானகன் சகோதரர்கள் 1920களில் வரிசையாக இசைத்தட்டுகளை வெளியிட்டார்கள். அண்ணன் ஜோவின் அக்கார்டியனோடு மைக் ஃப்ளானகனின் பாஞ்சோ போட்டிபோட்டு ஓடியது. மின்சார ஒலிப்பதிவு வருவதற்கு முந்தைய நாட்களில், கூம்புக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்தவற்றில் பாஞ்சோவின் ஒலி கூர்மையாகப் பதிந்தது, பிடில் மங்கிப்போனது. இசைத்தட்டு கம்பெனிகளுக்கும் அது தோதுப்பட்டது. அந்தத் தட்டுகள் பார்சலில் தாய்நாட்டுக்குப் போய்க் கிராமபோன்களில் சுழன்றன. அயர்லாந்து தன்னுடைய மெட்டை நாலு தந்தியில் கேட்கக் கற்றுக்கொண்டது அமெரிக்கா வழியாகத்தான்.

ஐந்து தந்தி அயர்லாந்தை விட்டு முழுக்கப் போய்விடவில்லை. பாடுகிறவர்கள் கையில் தங்கியது. கார்க் நகரில் 1917இல் பிறந்த மார்கரெட் பாரி, சந்தைகளிலும் பந்தய மைதானங்களிலும் கூட்டத்துக்கு மேலே எழும் குரலில் பாடியபடி ஐந்து தந்தியை மீட்டிப் பிழைத்தவர். பின்னால் லண்டன் கேம்டன் டவுன் மதுக்கடைகளில் பிடில் கலைஞர் மைக்கேல் கோர்மனோடு அவர் வாசித்ததைக் கேட்கக் கூட்டம் கூடியது. 1960களில் டாமி மேக்கம் நீளக் கழுத்து ஐந்து தந்தியோடு கிளான்சி சகோதரர்களுடன் அமெரிக்க மேடைகளில் நின்றார். இவர்கள் கையில் பாஞ்சோ பாட்டுக்குத் துணை. நடன மெட்டை அது தொடவில்லை, அல்லது தொட்டும் தொடாமலும் விட்டது.

இந்தப் பாகப்பிரிவினையை ஒரே மேடையில் பார்க்கவேண்டுமானால் 'டப்ளினர்ஸ்' குழுவைத்தான் சொல்லவேண்டும். 1962இல் டப்ளின் மெரியன் ரோவில் உள்ள ஓடோனஹூஸ் மதுக்கடையைச் சுற்றி உருவான குழு. ஒரு பக்கம் லூக் கெல்லி, சிவந்த சுருட்டை முடி, ஐந்து தந்தி, பாட்டு. இன்னொரு பக்கம் பார்னி மெக்கென்னா, தாடி, நாலு தந்தி, மெட்டு. இருவர் மடியிலும் பாஞ்சோ. வேலை வேறு வேறு.

மெக்கென்னா செய்த காரியம் சின்னதாகத் தோன்றும். டெனர் பாஞ்சோவின் வழக்கமான சுருதி சி-ஜி-டி-ஏ. அவர் தடித்த தந்திகளைப் பூட்டி அதை ஜி-டி-ஏ-இ என்று இறக்கிக்கொண்டார். பிடிலுக்கும் அதே சுருதிதான், ஒரு ஸ்தாயி மேலே. ஐரிஷ் மெட்டுகளில் முக்கால்வாசி பிடிலின் விரல்களுக்குள் பிறந்தவை. சுருதி ஒன்றாகிவிட்டதால் பிடிலின் விரலமைப்பு அப்படியே பாஞ்சோ கழுத்தில் உட்கார்ந்தது. ஃப்ரெட்டுகளின் மேலும் கீழும் ஓடித் தேடவேண்டிய அவசியம் போயிற்று. அவருக்கு முன்பே யாரும் இதைச் செய்ததில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நாடெங்கும் இந்தச் சுருதி நிலைபெறக் காரணம் மெக்கென்னாதான் என்று, தானும் பாஞ்சோ கலைஞரான ஆய்வாளர் மிக் மொலோனி எழுதியிருக்கிறார். கேட்கிறவர்களுக்கு இந்தச் சுருதிக் கணக்கெல்லாம் தெரியாது. மெக்கென்னா 'மேசன்ஸ் ஏப்ரன்' ரீலைத் தொடங்கினால் அரங்கம் நிமிரும் என்பது மட்டும் தெரியும்.

சுரம் நிற்காத சிக்கலுக்கு டெனர்க்காரர்கள் கண்ட விடை 'டிரிப்லெட்'. ஒரு சுரம் நிற்கவேண்டிய நேரத்துக்குள் பிக்கைக் கீழ்-மேல்-கீழ் என்று மூன்று முறை பொரிப்பது. பிருகா மாதிரி வந்து விழும். வித்தையெல்லாம் மணிக்கட்டின் தளர்ச்சியில்தான் இருக்கிறது. கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாலும் மூன்றும் ஒன்றாகக் கட்டிக்கொள்ளும். ஜிக் மெட்டுக்கு எப்படிப் பிக் அடிப்பது என்பதில் இன்றைக்கும் இரண்டு கட்சி. மும்மூன்று சுரமாக வரும் திஸ்ர நடையில், ஒவ்வொரு மூன்றின் தலையிலும் கீழடி விழவேண்டும் என்பது ஒரு கட்சி. கீழும் மேலும் மாறி மாறிப் போனால் வேகம் தானாக வரும் என்பது மற்றது. நான் முதல் கட்சி. இரண்டு கீழடிகள் அடுத்தடுத்து வருவதில் ஒரு சின்னத் தடுக்கல் இருக்கிறது. ஆடுகிறவர் கால் அந்தத் தடுக்கலில்தான் எழும்புகிறது.

இனி ஐந்து தந்தியின் பக்கம். நடன மெட்டை முழுதாக வாசிக்கும் திறமையை அது அயர்லாந்தில் பெறவில்லை, அமெரிக்காவில் பெற்றது. 1945 கடைசியில் பில் மன்ரோவின் புளூகிராஸ் குழுவில் சேர்ந்த எர்ல் ஸ்க்ரக்ஸ், பெருவிரல், ஆட்காட்டி, நடுவிரல் மூன்றையும் சுழலவிட்டுப் பொழியும் 'ரோல்' முறையைப் பிரபலமாக்கினார். கேட்கப் பிரமாதம், ஆனால் அதில் மெட்டின் சுரங்கள் நிரப்புச் சுரங்களுக்கு நடுவே அங்கங்கே தலைகாட்டும், அவ்வளவுதான். பிடில் வாசிப்பதைச் சுரத்துக்குச் சுரம் வாசிக்க அது போதாது. அதே குழுவில் 1963இல் சேர்ந்த பாஸ்டன்காரர் பில் கீத் இந்தப் பூட்டைத் திறந்தார். அவரும், தனியாக அதே வழியைக் கண்டுபிடித்த பாபி தாம்சனும் செய்தது இது: அடுத்தடுத்த இரு சுரங்களை ஒருபோதும் ஒரே தந்தியில் எடுக்காமல் தந்திக்குத் தந்தி தாவுவது. கழுத்தின் மேல் பகுதியில் கீழ்த் தந்தி, உடனே திறந்த மேல் தந்தி, நடுவில் குட்டைத் தந்தி. முதல் சுரம் ஓய்வதற்குள் இரண்டாவது அதன்மேல் படியும், அதன்மேல் மூன்றாவது. சாகிற சுரங்களைக் கொண்டு சாகாத ஒரு வரியை எழுதிவிடலாம். 'டெவில்ஸ் ட்ரீம்', 'செய்லர்ஸ் ஹார்ன்பைப்' ஆகிய பழைய பிடில் மெட்டுகளில் கீத் அதைக் காட்டினார். இரண்டும் அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கத்துச் சொத்துகள். ஐரிஷ் மெட்டுக்கு அங்கிருந்து ஒரு தாவல்தான் தூரம்.

ஆனால் தாவல் அவ்வளவு சுலபமில்லை. ரீலை எடுத்துக்கொள்வோம். ஓர் அளவுக்கு எட்டுச் சுரங்கள், நாலு நாலாகச் சதுஸ்ர நடை. மூன்று விரல் சுழற்சியின் இயல்போ மூன்று, மூன்று, இரண்டு. விரல்களை அவற்றின் போக்கில் விட்டால் அழுத்தம் எதிர்பாராத இடங்களில் விழுந்து, ரீல் கென்டக்கிக்குப் போய்விடும். மெட்டு ஐரிஷ், உச்சரிப்பு புளூகிராஸ். இப்படிப்பட்ட பதிவுகள் நிறையக் கிடைக்கின்றன. ஒரு சுரம் பிசகியிருக்காது, எழுந்து ஆட மட்டும் தோன்றாது. விஷயம் தெரிந்த ஐந்து தந்திக்காரர்கள் இங்கே புளூகிராஸ் பாஞ்சோ கலைஞர் டான் ரீனோவிடம் கடன் வாங்குகிறார்கள். பெருவிரலும் ஆட்காட்டியும் ஒரே தந்தியில் மாறி மாறிப் பிக்கைப்போல வேலை செய்யும் அவருடைய முறையைக் கீத்தின் முறையோடு கலந்து, அழுத்தம் விழவேண்டிய இடத்தில் பெருவிரலைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ஜிக்கில் நிலைமை தலைகீழ். மூன்று சுரம், மூன்று விரல். டெனர்க்காரர்கள் கட்சி பிரிந்து சண்டைபோடும் இடத்தில் ஐந்து தந்திக்காரர் நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம்.

நகத்தால் கீழ்நோக்கி அடிக்கும் பழைய முறைக்கு, அமெரிக்காவில் இன்று 'க்ளாஹேமர்' எனப்படும் அதற்கு, இதற்கு நேரெதிரான பாடு. அதன் ஆதார நடையே ஒரு நெடிலும் இரு குறிலுமாக நாலுக்குள் அடங்குவது. ரீல் சுகமாக ஓடும், ஜிக் உதைக்கும். க்ளாஹேமர் கலைஞர் கென் பெர்ல்மன் இதற்காகவே உழைத்தார். பெருவிரலைக் குட்டைத் தந்தியோடு கட்டிப்போடாமல் உள்தந்திகளில் இறக்கி, இடக்கை விரல்களால் தந்தியைத் தட்டியும் சுண்டியும் இடைச்சுரங்களை எழுப்பி, க்ளாஹேமரில் ஜிக்கும் வாசிக்கலாம் என்று காட்டினார். கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிடில் கலைஞர்களைத் தேடித்தேடி மெட்டுகளைத் தொகுத்தவரும் அவரே. ஐந்து தந்தியில் ஐரிஷ் மெட்டுகளுக்கென்றே டாம் ஹான்வே பெரிய பாடநூல் ஒன்றைப் போட்டார். கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு இன்று வழிகாட்டி இல்லாத குறையில்லை.

ஐந்து தந்திக்கென்று ஒரு வரவும் உண்டு, அதை டெனரால் ஈடுசெய்ய முடியாது. ஐரிஷ் இசையின் ஆழத்தில் இல்லன் பைப்ஸ் இருக்கிறது. முழங்கையால் காற்றூட்டும், ஆதார சுருதி விடாமல் ஒலிக்கும் பைப். பல மெட்டுகள் அந்தச் சுருதியை மனதில் வைத்தே உருவானவை; நம் காதுக்கு அவற்றில் சில ஹரிகாம்போதி ஏறி இறங்குவதுபோலவும் சில கரகரப்ரியாபோலவும் கேட்கும். குட்டைத் தந்தி மெட்டுக்குப் பக்கத்தில் நின்று அந்தச் சுருதியைத் தொட்டுக்கொண்டே வருகிறது. மெதுவான மெட்டுகளில், ஹார்ன்பைப்புகளில் இது அழகாக அமைகிறது. வேகமான ரீலில் வெறும் கலகலப்பாகிவிடும் ஆபத்தும் இருக்கிறது.

டெனர்க்காரர்களும் மெக்கென்னா விட்ட இடத்திலேயே நின்றுவிடவில்லை. டிப்பரரியின் ஜெரி ஓகானர் டிரிப்லெட்டைக் கணக்காகச் செலவழித்து, ஜாஸ், புளூகிராஸ் வாசனையைச் சேர்த்தார். கால்வேயின் எண்டா ஸ்காஹில் இருந்த 'வீ பாஞ்சோ த்ரீ' குழு புளூகிராஸையும் ஐரிஷ் இசையையும் வெளிப்படையாகவே கலந்தது. இன்னொரு பக்கம் ஆஞ்சலினா கார்பெரி, நடனத்துக்கு ஏற்ற நிதானத்தைக் கைவிடாமல் வாசிக்கிறார்; என் காது அடிக்கடி போய் நிற்கும் இடம் அது. வாத்தியமும் மாறிவிட்டது. கன்றுத்தோல் போர்த்திய காலத்தில் அயர்லாந்தின் ஈரக்காற்றில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், குரல் தொப்பென்று ஆகிவிடும். பிளாஸ்டிக் தோல் வந்தபின் அந்தக் கவலை தீர்ந்தது. ஒரு காலத்தில் பழைய அமெரிக்க பாஞ்சோக்களைத் தேடி அலைந்தார்கள். இப்போது கால்வே வட்டாரத்திலேயே ஐரிஷ் வாசிப்புக்கென்று கட்டிக் கொடுக்கிறார்கள்.

இரண்டு குடும்பமும் நேருக்கு நேர் உட்கார்ந்த சம்பவம் 2018இல் நடந்தது. வட அயர்லாந்தின் கோல்ரெய்னைச் சேர்ந்த டேமியன் ஓகேன் டெனரோடும், அலிசன் க்ராஸ் குழுவில் ஐந்து தந்தி வாசிக்கும் அமெரிக்கர் ரான் பிளாக் தன் வாத்தியத்தோடும் சேர்ந்து 'பாஞ்சோஃபனி' என்ற தொகுப்பைச் செய்தார்கள். 2022இல் 'பாஞ்சோஃபோனிக்ஸ்' தொடர்ந்தது. டெனர் சுரத்தைக் கொத்திக்கொண்டு போகும். ஐந்து தந்தி அதே சுரத்தைச் சிந்தவிட்டுக்கொண்டு வரும். இரண்டும் ஒரே மெட்டில் ஓடும்போது யார் வீட்டு மெட்டு என்ற கேள்வி கேட்பவருக்கு எழுவதில்லை. ஆப்பிரிக்க வேரை மீட்டெடுத்த ரியானன் கிடன்ஸ், மின்ஸ்ட்ரல் காலத்து ஃப்ரெட் இல்லாத பாஞ்சோவோடு அயர்லாந்தின் லிமெரிக்கில் குடியிருந்ததையும் இங்கே சொல்லவேண்டும். கரிபூசிய வெள்ளை முகங்களோடு 1840களில் இறங்கிய வாத்தியம், இம்முறை அதை உருவாக்கிய மக்களின் வாரிசு கையில் வந்து இறங்கியது.

மேடையும் ஒலிப்பதிவுக் கூடமும் வேறு, செஷன் வேறு. அங்கே ஐந்து தந்திக்காரருக்கு மிஞ்சியிருக்கும் தொல்லை மரபு சம்பந்தப்பட்டதே இல்லை. மெட்டுகளை இரண்டு மூன்றாகக் கோத்து, ஒவ்வொன்றையும் மூன்று சுற்று வாசித்து, இடைவெளி விடாமல் அடுத்ததற்குத் தாவுவார்கள். தாவும்போது சுருதி மாறும். ஜி-யில் கூட்டிய குட்டைத் தந்தி, ஏ-யை ஆதாரமாக வைத்த மெட்டில் உறுத்தும். அதற்காகக் கழுத்தில் ஏழாவது, ஒன்பதாவது ஃப்ரெட்டுகளின் பக்கத்தில் குட்டிக் குட்டி ஆணிகளை அடித்துவைத்திருப்பார்கள். பொம்மை ரயில் தண்டவாளத்துக்கு அடிக்கும் ஆணிதான் அதற்குச் சரியான அளவு. தந்தியை அதன்கீழ் நுழைத்தால் சுருதி ஏறிவிடும். நுழைக்க ஒரு கை வேண்டும், அரை நொடியாவது வேண்டும். பக்கத்து நாற்காலியில் இருக்கும் டெனர்க்காரருக்கு இதெல்லாம் தேவையில்லை. அவர் அதற்குள் அடுத்த ரீலின் இரண்டாவது அளவில் இருப்பார்.